ஆட்டத்தில் பட்டது

1

எங்கள் மலையில் வாசலூர்பட்டிப் பக்கம் என் கணவருக்கு இன்னமும் ‘காலொடச்ச மாப்பிள்ளை’ என்றுதான் பெயராம். போன வாரம் அண்ணன் பெரியசாமி போனில் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின நாள்தான் எங்கள் மகள் மாயா, பள்ளி மைதானத்தில் நடந்த கால்பந்து ஆட்டத்தில், எதிரணிப் பெண் ஒருத்தியின் வாயில் முழங்கையால் இடித்து இரண்டு முன்பற்களை உடைத்திருந்தாள். மாயாவுக்குப் பத்து வயது.

நான் பூங்கொடி. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுக்காரி; மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. மருத்துவம் படிக்க உக்ரைனுக்கு வந்து, பாதியில் பிசியோதெரபிக்கு மாறி, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டேன். இப்போது நாட்டின் மேற்கே ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். போரில் கை, கால் போய் வருகிறவர்களை மறுபடி நடக்கவும் சட்டை போடவும் பழக்குவது என் வேலை. என் கணவர் தராஸும் அப்படி வந்தவர்களில் ஒருவர். இடது கை முழங்கையோடு முடிந்துவிடும்.

பள்ளியில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். என் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எம்’ என் அப்பா மாரியப்பன். இங்கே அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. அதனால் வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளி என்று எங்கே போனாலும் இறந்துபோன அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். “திருமதி மாரியப்பன், உட்காருங்கள்” என்றார் மனநல ஆலோசகர். நாங்கள் உட்கார்ந்ததும் சைரன் ஊதியது. எல்லாரும் எழுந்து கீழ்த்தளத்துக்குப் போனோம். அங்கே, பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்த சின்னக் குழந்தைகளுக்கு நடுவே, பெஞ்சு ஓரத்தில் எங்கள் விசாரணை தொடர்ந்தது.

நிரப்புவதற்கு ஒரு படிவம் இருந்தது. ‘வீட்டில் வன்முறை உண்டா?’ என்று ஒரு கேள்வி. உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். வீடு என்று எதைக் கேட்கிறார்கள்? எங்கள் பின்கட்டிடத்தின் மூன்றாம் மாடி, போன குளிர்காலத்தில் குண்டு விழுந்ததிலிருந்து இல்லை. அது வீட்டில் சேருமா?

ஆலோசகர் மாயாவிடம் மெதுவாகக் கேட்டார். “தெரியாமல் பட்டதா, வேண்டுமென்றே செய்தாயா?”

மாயா நேராக அவரைப் பார்த்தாள். “எங்கள் அப்பா இந்தியாவில் ஒருவர் காலை உடைத்தார். நான் பார்த்தேன். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.”

ஆலோசகர் எழுதிக்கொண்டார். தராஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

மலையில் இருப்பவர்களுக்கு அவரைப் பற்றி நினைவிருப்பது அந்தக் கால் உடைந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதற்கு முன்னால் பல வருடங்கள் அவர் கால்பந்து ஆடித்தான் பிழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சியில் வரும் ஆட்டம் இல்லை. இங்கே மேலே ஒரு லீக், அதற்கடுத்து முதல் லீக், அதற்கும் கீழே இரண்டாம் லீக். பெயர்தான் இரண்டாம், உண்மையில் மூன்றாம் படி. தராஸ் அங்கே தடுப்பாட்டக்காரர். சின்ன வயதில் ஒரு பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் இருந்தவர். பதினெட்டு வயதில் ‘உயரம் போதும், வேகம் போதாது’ என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக ஓடினார். மூடிப்போன சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம், ரயில் பட்டறைக்குப் பின்னால் ஒரு மைதானம். வசந்த காலத்தில் கணுக்கால் வரை சேறு, நவம்பரில் அதே சேறு கல்லாக உறைந்து கிடக்கும். ஒரு கிளப் கலைந்துபோன செய்தியை, துணி துவைக்கிற ஆள் வந்து சொல்லித் தெரிந்துகொண்டார்கள். பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார்கள்.

ஒரே ஒரு பருவம் முதல் லீக்கில் ஆடினார். அந்த அணி கீழே இறங்கியபோது அவரும் இறங்கினார். பிறகு மேலே போகவேயில்லை.

நான் படிப்பு முடித்துச் சேர்ந்தது அப்படி ஒரு இரண்டாம் லீக் அணியில். நான் முதன்முதலில் அவரைத் தொட்டதே அவருடைய மூக்கெலும்பை நேராக்கத்தான். பஞ்சை அடைத்துக்கொண்டு மறுபடி மைதானத்துக்குள் ஓடினார். பயிற்சியாளர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவரிடம் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: “முதல் பத்து நிமிடத்துக்குள் அவர்களுடைய நல்ல ஆட்டக்காரன் ஒரு தடவையாவது தரையில் விழ வேண்டும்.” தராஸ் விழவைப்பார். அதுதான் அவர் உத்தியோகம். வெளியூர் ஆட்டம் முடிந்து வரும்போது பேருந்து வாசலில் இரும்புக் கம்பியோடு நிற்பார்கள். முதலில் இறங்குகிறவர் அவர். அப்படி ஒருநாள் இறங்கி, காது மடல் பாதி கிழிந்து ஏறினார். நான் தையல் போடும்போது என் ஊரைப் பற்றிக் கேட்டார்.

“மலை. போகிற வழியில் எழுபது வளைவு இருக்கிறது” என்றேன்.

“ஒருநாள் கூட்டிப்போ” என்றார்.

3

கூட்டிப்போனேன், இரண்டு தடவை. இரண்டாவது தடவை போனது ஒரு ஜனவரியில். இங்கே பனிக்காலத்தில் லீக் நின்றிருக்கும். மூன்று மாத விடுமுறை. மாயாவுக்கு அப்போது ஆறு வயது.

தராஸ் என்ற பெயர் மலையில் யார் வாயிலும் நிற்கவில்லை. தராசு ஆகிவிட்டது. ‘தராசு மாப்பிள்ளை எங்கீங்க?’ என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எடை போடுகிற தராசுதான் என்று அண்ணன் கையால் காட்டி விளக்கியபோது அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அண்ணனோடு சேர்ந்து சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாய்த்து மிளகு பறித்தார், மரவள்ளிக்கிழங்கு பிடுங்கினார். எல்லாரும் அவரைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டதால் அதுதான் இங்கே மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டு எல்லாரையும் ‘கண்ணு’ என்று கூப்பிட்டார். மாயா ஒரே மாதத்தில் ‘ஊட்டுக்குப் போய்ட்டு வாரேனுங்க’ என்று பேசக் கற்றுக்கொண்டாள். இப்போது அந்தப் பேச்சு அவள் வாயில் வருவதில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் காட்டுக்கு மேலே சிக்னல் கிடைக்கிற பாறையில் நின்றுகொண்டிருந்த தராஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போர் ஆரம்பித்துவிட்டது. அவருடைய அம்மா இருந்தது வடக்கே செர்னிஹிவ் நகரத்தில். அன்று மத்தியானம் நிலவறைக்குள் போன அந்த அம்மா அங்கிருந்து ஒரு தடவை பேசினார். பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. சனிக்கிழமைக்குப் பிறகு இணைப்பே கிடைக்கவில்லை.

மூன்று நாள் தராஸ் அந்தப் பாறையை விட்டு இறங்கவில்லை. அவருடைய அணியில் ஆடியவர்கள் பதுங்குகுழி தோண்டுகிற படங்கள் வந்துகொண்டிருந்தன. சோறு கொண்டுபோனால் இரண்டு வாய் சாப்பிடுவார்.

“நான் போக வேண்டும்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பள்ளத்தாக்கைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய நாடு, அவருடைய அம்மா. போகாதே என்று சொன்னால் அப்புறம் ஆயுளுக்கும் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தார். வாசலூர்பட்டியில் மலைப் பசங்களுக்கும் அடிவாரத்துப் பசங்களுக்கும் ஆட்டம். ஒரு ஆள் குறைகிறது.

“மாப்பிள்ளைய ஒரு நாழி கூட்டிட்டுப் போறேன் கண்ணு. இப்படியே உக்காந்திருந்தா கிறுக்குப் புடிச்சிரும்” என்றார்.

நல்லது என்றுதான் நினைத்தேன். மாயாவையும் கூட்டிக்கொண்டு நானும் போனேன். மூங்கில் நட்ட கோல் கம்பம், செம்மண் தரை, சுற்றிலும் இருநூறு பேர். எங்கள் பசங்களில் பாதிப்பேர் வெறுங்கால். தராஸ் தன் ஆணி வைத்த ஷூவைப் போட்டிருந்தார். அதை நான் கவனித்தேன், கழற்றச் சொல்லவில்லை.

அடிவாரத்து அணியில் கோகுல் என்று ஒரு பையன். இருபத்து மூன்று வயது. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை. நல்ல ஓட்டம், பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் ஒரு கோல் போட்டான். போட்டதும் இரண்டு கையையும் விரித்து விமானம் மாதிரி ஓடிவந்தான். நடு மைதானத்தில் நின்று, குனிந்து, ஏதோ கீழே போடுவதுபோல் கையை உதறி, “டமார்!” என்று கத்தினான். அவனுடைய ஆட்கள் ஐந்து பேர் செத்தவர்கள்போல் சுற்றி விழுந்தார்கள். கூட்டம் சிரித்தது.

கோல் போடும்போதெல்லாம் அவர்கள் செய்கிற விளையாட்டு அது. யாரையும் வைத்துச் செய்ததில்லை. உக்ரைன் என்று ஒரு நாடு இருப்பதே அவனுக்குத் தெரியாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. தராஸ் சிரிக்காமல் நின்றார். அவர் முகத்தை நான் பல மைதானங்களில் பார்த்திருக்கிறேன். பேருந்திலிருந்து முதலில் இறங்குகிற முகம் அது. “அண்ணா, அவரை வெளிய கூப்பிடுங்க” என்று எழுந்தேன். அதற்குள் பந்து கோகுலிடம் போய்விட்டது.

தராஸ் பந்தைப் பார்க்கவில்லை. தரையில் ஊன்றியிருந்த வலது காலைப் பார்த்துப் பாய்ந்தார். மரவள்ளிக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் எல்லைக்கோட்டுக்கு இப்பால் நின்ற எனக்கே கேட்டது. கோகுலின் முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அவன் உடனே கத்தவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தான். அப்புறம்தான் கத்தினான்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. கோல் கம்பத்து மூங்கிலைப் பிடுங்கினார்கள். தராஸ் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். முதல் அடி தோளில், இரண்டாவது விலாவில். விழுந்தவரை உதைத்தார்கள். “அடிக்காதீங்கடா, எம்மாப்பிள்ளைடா” என்று அண்ணன் மேலே விழுந்து மறைத்தார். யாரோ எறிந்த கல் அண்ணன் மண்டையைப் பிளந்தது. ரத்தம் தராஸின் முகத்தில் கொட்டியதைப் பார்த்து, அவர்தான் செத்துவிட்டார் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் இரண்டு பேர் கம்பைக் கீழே போட்டார்கள்.

மாயா என் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். கண்ணை மூடவே இல்லை.

5

“ஓரமாப் போங்க, எனக்குக் கட்டத் தெரியும்” என்று கோகுலிடம் போனேன். ஒரு குடைக்கம்பியும் யாரோ கொடுத்த துண்டும் கொண்டு காலைக் கட்டினேன். மாயாவையும் மண்டை உடைந்த அண்ணனையும் சொந்தக்காரர்களிடம் விட்டேன். ஒரு வேன் கிடைத்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே பலகை போட்டு அவனைக் கிடத்தினோம். காலை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அவனுடைய ஆட்கள் பிடித்தார்கள், முதல் வளைவிலேயே கை நழுவியது. அவன் போட்ட அலறலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்.

தராஸ் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, விலா எலும்பு ஒன்று போயிருந்தது. யாரையும் கேட்காமல் ஏறி, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையைக் குதிகாலுக்கும் மறு கையை முழங்காலுக்கும் கொடுத்தார்.

“இவன் கைய எடுக்கச் சொல்லுங்க, கொன்னுபோடுவேன்” என்றான் கோகுலின் கூட்டாளி.

“அவரு புடிச்சாத்தாங்க நிக்கும்” என்றேன். “இந்த மாதிரி ஒடஞ்ச காலைத்தான் தம்பி அவரு வாழ்நாளெல்லாம் பாத்திருக்காரு. விடுங்க.”

எழுபது வளைவு. ஒவ்வொன்றிலும் தராஸ் உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்து அந்தக் காலை மட்டும் நேராக வைத்திருந்தார். வளைவுக்கு வளைவு அவர் விலாவிலிருந்து ஒரு முனகல் வந்தது. கோகுல் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தான். பாதி வழியில் திட்டை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான். “ஏனுங்க்கா, நானு அவர என்ன பண்ணுனேன்?”

சொன்னேன். விமானத்தைச் சொன்னேன், நிலவறையில் இருக்கிற அம்மாவைச் சொன்னேன்.

அவன் தலையைத் திருப்பித் தராஸைப் பார்த்தான். “எனக்கு அந்த ஊரே தெரியாதுங்க்கா” என்றான். பிறகு, “வலிக்குதுங்க்கா, இன்னும் எத்தன வளைவு இருக்குதுங்க?” என்று அழ ஆரம்பித்தான்.

வளைவெல்லாம் முடிந்து, கீழே காளப்பநாயக்கன்பட்டி வந்த பிறகும் தராஸ் கையை எடுக்கவில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

6

மறுநாள் காலையில் எனக்கு அந்த யோசனை வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

போலீஸ்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தராஸின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஃபாரினருங்க. பையன் ஊட்டுல புகார் குடுத்தா பாஸ்போர்ட் கோர்ட்டுக்குப் போயிரும். கேஸ் முடியற வரைக்கும் நாட்ட உட்டு நகர முடியாது பாத்துக்குங்க.” எச்சரிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வரமாகக் கேட்டது.

கோகுலின் அம்மா சரசு வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். காட்டு வேலை செய்து கறுத்த கை, மடியில் மகனுடைய ஒற்றைச் செருப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணும் பேச வேண்டாமுங்க. நீங்க கால்ல உழுந்தாலும் நானு கேஸ் குடுக்காம உடமாட்டேன்.”

“குடுங்கக்கா” என்றேன். “அதச் சொல்லத்தான் வந்தேன். வேணும்னே ஒடச்சாருன்னு எழுதிக் குடுங்க.”

திரும்பிப் பார்த்தார். “என்ன சொல்ற நீ?”

“அவங்க நாட்டுல சண்டைங்கக்கா. போறேன்னு நிக்கறாரு. போனா வரமாட்டாரு. நீங்க கேஸ் குடுத்தா பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்குவாங்க. அவரு உசுரோட இருப்பாருங்க.”

சரசு அக்கா மடியிலிருந்த செருப்பைக் கையில் எடுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

“அப்ப எம்பையன் காலு ஒடஞ்சது உனக்கு வசதியாப் போச்சு” என்றார். “உம்புருசனக் கட்டி வெக்கறதுக்கு அவங்காலு என்ன கயிறா? போவேண்டாம்னு நீ சொல்லோணும். உனக்கு வாயில்ல?”

நான் எழுந்து வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கோகுல் படுக்கையில், காலில் கம்பி. ஒரு பக்கம் சரசு அக்கா, மறுபக்கம் நாங்கள் இரண்டு பேர். இன்ஸ்பெக்டர் தராஸிடம் பெயர் கேட்டார். “தராசு, கண்ணு” என்றார் அவர் மரியாதையாக. கூட வந்த போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“என்ன நடந்துச்சு சொல்லு” என்று கோகுலைக் கேட்டார்.

கோகுல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஆட்டத்துல பட்டதுங்க சார்.”

“உங்கம்மா வேற மாதிரிச் சொன்னாங்களே?”

“அம்மா பாக்கலீங்க சார். பந்துக்குத்தான் வந்தாரு. ஆட்டத்துல பட்டது.”

சரசு அக்கா வாயைத் திறந்தார், மகனைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார். “இவரக் கேளுங்க. வேணும்னே அடிச்சாரா, தெரியாமப் பட்டுதா?”

நான் உக்ரைன் மொழியில் கேட்டேன்.

தராஸ் ஒரு கணமும் தயங்கவில்லை. “வேண்டுமென்றே. காலைப் பார்த்துத்தான் போனேன். சொல், அப்படியே சொல்.”

அவர் வாயாலேயே வந்துவிட்டது. அதை அப்படியே தமிழில் சொன்னால் போதும். பாஸ்போர்ட் போய்விடும், அவர் இருப்பார். முந்தின நிமிடம் வரை நான் கேட்டது அதைத்தான். தலையைத் தூக்கினால் சரசு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் காலை உடைத்தவனைக் காப்பாற்ற அந்தப் பையன் பொய் சொல்லிவிட்டுக் கிடக்கிறான். பெண்டாட்டி நான் அவரைக் காட்டிக் கொடுப்பதா?

“தெரியாமப் பட்டுருச்சுனு சொல்றாருங்க சார்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு, பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார்.

7

தராஸ் அந்த வாரமே கிளம்பினார். அண்ணன் தலையில் தையலோடு பஸ் ஏற்றிவிட வந்தார். போலந்து வழியாக உள்ளே போனார். நகரத்தைச் சுற்றியிருந்த எதிரிப்படையின் முற்றுகை விலகியதும் செர்னிஹிவில் அம்மாவைக் கண்டுபிடித்தார். அந்த அம்மா முற்றத்தில் செங்கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தவர், மகனைப் பார்த்ததும் கரண்டியால் தோளில் அடித்து, “எதற்கு வந்தாய்?” என்று கேட்டாராம். பிறகுதான் கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் தராஸ் படையில் சேர்ந்தார்.

நானும் மாயாவும் மலையில் இருந்தோம். அவள் திண்ணனூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், நான் பாறைக்குப் போனேன். இரண்டாவது மழைக்காலத்தில் ஒருநாள் அவருடைய நண்பர் ஒருவர் அழைத்தார். “தராஸ் உயிரோடு இருக்கிறான். கை போய்விட்டது.” உக்ரைன் மொழியிலும் நம்மைப்போலத்தான், தோள்வரைக்கும் கைதான், மணிக்கட்டுவரைக்கும் கைதான். “எவ்வளவு கை? எவ்வளவு?” என்று நான் பாறையில் நின்று கத்தினேன். இணைப்பு போய்விட்டது. எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது.

நடந்ததை அவர் ஒரே தடவைதான் சொன்னார். மூன்று பேர் ஒரு குழிக்குள் இருந்தார்கள். மேலே ஒரு சின்ன டிரோன் வந்து நின்று, நிதானமாகப் பார்த்து, ஒன்றைப் போட்டது. நடுவில் இருந்தவன் வயிறு திறந்து அங்கேயே இறந்தான். இன்னொருவன் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு இறந்தான். தராஸ் தன் இடது கையைப் பக்கத்தில் கிடந்த ஏதோ ஒன்று என்று நினைத்துத் தள்ளி வைத்தாராம்.

காலாவதியான குடியிருப்பு அனுமதியோடு எல்லையில் ஒன்றரை நாள் நின்று, அப்பா பெயரும் என் பெயரும் ஒருவருடையதே என்று நிரூபித்து, மாயாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். இப்போது அவர் மறுபடி ஆடுகிறார். கால் இழந்தவர்கள் ஊன்றுகோலோடு ஓடி ஆடுகிற கால்பந்து. அதில் கை இழந்தவர்தான் கோல்கீப்பர். கட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பது விதி. வாழ்நாளெல்லாம் ஆள்மேல் பாய்ந்தவர் அந்தக் கட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார்.

கோகுலுக்குக் காலில் இன்னும் கம்பி இருக்கிறது. லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறான். ஆட்டம் அன்றோடு போயிற்று. வெல்டிங் வேலை இருக்கிறது, போன வருடம் கல்யாணமும் ஆயிற்று. தராஸுக்குக் கை போனது அவனுடைய அம்மா விட்ட சாபம் என்று மலையில் சிலர் சொல்கிறார்களாம். சரசு அக்கா யாரையும் சபிக்கவில்லை. எனக்குத் தெரியும், ‘உனக்கு வாயில்ல?’ என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

8

பள்ளியிலிருந்து வந்த மறுநாள், தராஸ் மாயாவைக் கிளப்பினார். பல் போன பெண்ணின் வீடு நகரத்தின் அந்தக் கோடியில். நானும் போனேன்.

கதவைத் திறந்த அம்மாவின் முகம் கல்லாக இருந்தது. பின்னால் அந்தப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். மாயா தயங்கவில்லை. “வேண்டுமென்றேதான் இடித்தேன். என்னைத் தாண்டித் தாண்டிப் போனாள், அதனால்” என்றாள்.

அந்த அம்மாவின் பார்வை தராஸின் தொங்குகிற சட்டைக்கைக்குப் போனது. முகம் இளகியது. “போரில்... பிள்ளைகள் பாவம் என்னதான் செய்யும்” என்று ஆரம்பித்தார்.

“என் கையைப் பார்த்து மன்னிக்காதீர்கள்” என்றார் தராஸ். “உங்கள் மகள் வாயைப் பார்த்துப் பேசுங்கள்.”

அந்த அம்மா திரும்பி மகளைப் பார்த்தார். பல் கட்டும்வரை மகளால் எதையும் கடிக்க முடியாது, தினமும் பள்ளி விட்டதும் மாயா வந்து ஆப்பிள் துருவிக் கொடுக்க வேண்டும் என்றார். மாயா தலையாட்டிவிட்டு அன்றைக்கே சமையலறைக்குள் போய்த் துருவினாள். நாங்கள் வாசலில் காத்திருந்தோம்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றோம். வெயில் அடித்தும் குளிராக இருந்தது. தராஸ் மாயாவின் தலையைத் தொட்டார். “யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னாயே, கேட்டார்கள். வேண்டுமென்றே செய்தேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன். உன் அம்மாவின் ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகும் என்னை மன்னித்து அனுப்பினார்கள். போர்முனையில் குழிக்குள் இருந்தபோது இதை எல்லாருக்கும் சொல்வேன். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று.” என் பக்கம் திரும்பினார். “இல்லையா, பூ?”

மாயாவும் என்னைப் பார்த்தாள். “உண்மையா அம்மா?”

அவளைக் கொஞ்சம் தள்ளி, பேருந்து வருகிறதா என்று பார்க்க அனுப்பினேன். பிறகு சொன்னேன். அவர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னதை. அதற்கு முன்னால் சரசு அக்காவிடம் போய் என்ன கேட்டேன் என்பதை. எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் அவர் வைத்திருந்த அந்த மன்னிப்பை என் கையாலேயே பிடுங்குவதுபோல் இருந்தது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “வேண்டுமென்றே செய்தேன் என்று நான் ஏன் சொன்னேன், தெரியுமா உனக்கு?”

“நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்பதால்.”

“இல்லை” என்றார். “பயமாக இருந்தது. மூன்று நாளும் அந்தப் பாறையில் எனக்குப் பயம்தான். நானாக மலையிலேயே தங்கிவிட முடியாது, என் ஆட்கள் எல்லாம் போரில் இருந்தார்கள். நீ போகாதே என்று சொல்வாய் என்று ஒவ்வொரு முறை நீ சோறு கொண்டுவரும்போதும் பார்த்தேன். நீ சொல்லவில்லை. அந்த அதிகாரியாவது பிடித்து வைத்துக்கொள்வார் என்றுதான் சொன்னேன்.”

பேருந்து வந்தது. மாயா ஓடிப்போய்க் கதவருகே நின்று எங்களைக் கூப்பிட்டாள். உட்கார இடமில்லை. தராஸ் வலது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் கம்பியைப் பிடிக்கவில்லை. அவருடைய வெறும் சட்டைக்கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, எங்கள் நிறுத்தம் வரும்வரை அப்படியே நின்றேன்.